ஒன்பதாம் வகுப்பில் விலகும் மனம்: ஹிஞ்சேவாடி மாணவர்களுக்கு எந்தெந்தக் கதவுகள் திறந்திருக்கின்றன?

ஹிஞ்சேவாடி: புனே மாவட்டம் முல்ஷி வட்டத்தில் உள்ள ஹிஞ்சேவாடி, ஒரு தலைமுறைக்கு முன்பு வரை வயல்கள் சூழ்ந்த சிற்றூராக இருந்தது. இன்று ராஜீவ் காந்தி தகவல் தொழில்நுட்பப் பூங்காவின் கண்ணாடிக் கட்டடங்களே அதன் அடையாளம். இன்ஃபோசிஸ், விப்ரோ, டிசிஎஸ் உள்ளிட்ட நிறுவனங்களின் வளாகங்களும், அவற்றைச் சுற்றி எழும்பிய அடுக்குமாடிக் குடியிருப்புகளும், மாண் முதல் சிவாஜிநகர் வரையிலான சுமார் 23 கிலோமீட்டர் மெட்ரோ வழித்தடப் பணிகளும் இப்பகுதியின் முகத்தை மாற்றிவிட்டன.

இக்கட்டடங்களை எழுப்பியவர்களும், அவற்றில் காவல் காப்பவர்களும், வாகனம் ஓட்டுபவர்களும், வீட்டுவேலை செய்பவர்களும் குடும்பத்துடன் இங்கேயே வாழ்கின்றனர். அவர்களுடைய பிள்ளைகள் பெரும்பாலும் மராத்தி வழிப் பள்ளிகளில் படிக்க, பொறியாளர்களின் பிள்ளைகள் ஆங்கில வழிப் பள்ளிகளுக்குச் செல்கின்றனர். இரு தரப்புக்கும் இடையே வசதியில் பெரும் இடைவெளி உண்டு. ஆனால் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் படிப்பின் மீது பற்று அற்றுப்போகும் பிள்ளைகள் இரு தரப்பிலும் இருக்கின்றனர். வசதியற்ற வீட்டுப் பிள்ளை வேலைக்குச் சென்றுவிடுகிறான். வசதியான வீட்டுப் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசிக்குள் சென்றுவிடுகிறான். முதலாமவன் இடைநிற்றல் கணக்கில் பதிவாகிறான். இரண்டாமவன் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

சட்டம் கைவிடும் வயது:

இந்தியாவில் இச்சிக்கல் ஒன்பதாம் வகுப்பில் வெடிப்பதற்குச் சட்டரீதியான ஒரு காரணமும் உண்டு. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கே பொருந்தும். எட்டாம் வகுப்புடன் அதன் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. மறுபுறம், 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயது நிறைந்தவர்களை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்துவதை மட்டுமே தடை செய்கிறது. ஆக, பள்ளியில் இருக்கச் சொல்லும் சட்டம் விலகும் அதே வயதில், வேலைக்குச் செல்லும் வாசல் திறக்கிறது. மாணவன் பொதுத்தேர்வின் நிழலை முதன்முதலாகச் சந்திப்பதும் இந்த இடத்தில்தான்.

மத்திய கல்வி அமைச்சகத்தின் யூடிஐஎஸ்இ பிளஸ் தரவுகளும் இதையே காட்டுகின்றன. 2024-25ஆம் கல்வியாண்டில் நாடு முழுவதும் நடுநிலை வகுப்புகளில் இடைநிற்றல் விகிதம் 3.5 சதவீதமாக இருக்க, இடைநிலை வகுப்புகளில் அது 8.2 சதவீதமாக உள்ளது. முந்தைய ஆண்டில் இடைநிலை விகிதம் 10.9 சதவீதமாக இருந்தது; எனவே நிலைமை மேம்பட்டு வருகிறது என்பது உண்மை. எனினும் நடுநிலையிலிருந்து இடைநிலைக்கு ஏறும்போது விகிதம் இருமடங்குக்கு மேல் உயர்வது மாறவில்லை.

பள்ளியில் நீடிப்பவர்களும் பாடத்தோடு நீடிக்கிறார்களா என்பது வேறு கேள்வி. 28 மாவட்டங்களில் 14 முதல் 18 வயது வரையிலான 34,745 பேரிடம் நடத்தப்பட்ட ஏசர் 2023 ஆய்வு, அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பகுதியினரால் தங்கள் வட்டார மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைக்கூடச் சரளமாக வாசிக்க இயலவில்லை என்று பதிவு செய்தது. மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 43.3 சதவீதம் மட்டுமே. வகுக்கத் தெரியாத மாணவனின் முன்னால் இயற்கணிதப் புத்தகம் விரிக்கப்படும்போது அவன் சோம்பேறியாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆர்வமின்மைக்குப் பின்னால்:

'படிப்பில் ஆர்வமே இல்லை' என்பது ஆசிரியர்-பெற்றோர் கூட்டங்களில் அதிகம் ஒலிக்கும் வாக்கியமாக இருக்கலாம். ஆனால் அது நோயின் பெயர் அன்று, அறிகுறியின் பெயர். மனிதனின் உள்ளார்ந்த ஊக்கம் மூன்று தேவைகளைச் சார்ந்தது என்று உளவியலாளர்கள் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் ஆகியோர் விளக்கினர்: தன் செயலைத் தானே தேர்ந்தெடுக்கிறோம் என்ற உணர்வு, தன்னால் முடியும் என்ற உணர்வு, தன்னை மதிக்கும் மனிதர்களோடு இருக்கிறோம் என்ற உணர்வு. பாடத்தில் பல ஆண்டுகள் பின்தங்கி, கடைசி இருக்கையில் அமர்ந்து, நாள்தோறும் பிறர் முன்னிலையில் கண்டிக்கப்படும் மாணவனுக்கு இம்மூன்றில் ஒன்றும் வாய்ப்பதில்லை.

ஹிஞ்சேவாடி போன்ற இடத்தில் இதனுடன் மொழியும் சேர்கிறது. வேலைக்காகப் பல மாநிலங்களிலிருந்து குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள், ஒரு மொழியில் எழுதப் பழகி இன்னொரு மொழியில் தேர்வெழுத வேண்டியுள்ளது. 2020ஆம் ஆண்டின் சட்டப்படி மகாராஷ்டிராவில் எல்லா வாரியப் பள்ளிகளிலும் பத்தாம் வகுப்பு வரை மராத்தி கட்டாயப் பாடம். மாநில மொழியைக் கற்பது குழந்தைக்கு நன்மையே. ஆனால் சென்னையிலோ கோவையிலோ ஏழாம் வகுப்பு வரை படித்துவிட்டுப் பெற்றோரின் பணி மாறுதலால் புனே வந்த தமிழ்ப் பிள்ளைக்கு, அதுவரை 'நன்றாகப் படிப்பவள்' என்றிருந்த அடையாளம் ஒரே பருவத்தில் கலைந்துபோகக்கூடும்.

கண்டறியப்படாத கற்றல் குறைபாடு மற்றொரு காரணம். டிஸ்லெக்சியா உள்ளிட்ட குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்துள்ளது. உரிய சான்று பெற்றவர்களுக்குத் தேர்வில் கூடுதல் நேரம், எழுதுபவர் உதவி போன்ற சலுகைகள் உண்டு. 2007இல் வெளியான 'தாரே ஜமீன் பர்' திரைப்படத்திற்குப் பிறகு நகரங்களில் இதுபற்றிய விழிப்பு கூடியது; எனினும் அது இன்றும் கட்டணம் செலுத்தி மதிப்பீடு செய்ய இயலும் வீடுகளிலேயே அதிகம் தங்கியுள்ளது. பார்வைக் குறைபாடு, இரத்தசோகை, வீட்டில் நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பு, தந்தையின் குடிப்பழக்கம், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் கடமை எனப் பிற காரணங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொன்று. அவற்றைக் கண்டறியாமல் அறிவுரை கூறுவதால் பயன் விளைவதில்லை.

நெகிழ்வான பாதைகள்:

ஒரே வகுப்பறை, ஒரே வேகம், ஆண்டு முடிவில் ஒரே தேர்வு என்ற முறைக்கு வெளியே சட்டபூர்வமான பாதைகள் இந்தியாவில் பல ஆண்டுகளாகவே உள்ளன. அவற்றுள் முதன்மையானது தேசிய திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனமான என்ஐஓஎஸ். 1979இல் சிபிஎஸ்இ வாரியத்தின் ஒரு திட்டமாகத் தொடங்கி, 1989இல் தன்னாட்சி நிறுவனமாக உருவெடுத்த இது, 14 வயது நிறைந்த எவரையும் பத்தாம் வகுப்பு நிலையில் சேர்த்துக்கொள்கிறது. உச்ச வயது வரம்பு இல்லை. குறைந்தது ஒரு மொழி உட்பட ஐந்து பாடங்களை மாணவரே தேர்ந்தெடுக்கலாம். ஓவியம், மனையியல், தரவு உள்ளீடு போன்றவையும் அப்பட்டியலில் உண்டு. பொதுத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடைபெறுகிறது. 5 ஆண்டுகளுக்குள் 9 வாய்ப்புகளில், ஒவ்வொரு பாடமாகக்கூட எழுதி முடிக்கலாம். வேறு வாரியத்தில் தேர்ச்சி பெற்ற இரண்டு பாடங்கள் வரை மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. தமிழும் மராத்தியும் அதன் பயிற்று மொழிகளில் அடங்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. என்ஐஓஎஸ் பத்தாம் வகுப்பில் கணிதம் கட்டாயமில்லை என்பதால் பலர் அதைத் தவிர்த்துவிடுகின்றனர். பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவு, பாலிடெக்னிக் போன்றவற்றை விரும்பும் மாணவருக்குப் பின்னர் அதுவே தடையாகும். பாடத் தேர்வு மாணவரின் உரிமைதான். ஆயினும் அதன் விளைவை முன்கூட்டியே விளக்கும் ஒருவர் உடனிருக்க வேண்டும். 'தேர்ச்சி உறுதி' என்று விளம்பரம் செய்து பணம் பறிக்கும் இடைத்தரகர்களும் இத்துறையில் உள்ளனர் என்பதால், படிப்பு மையத்தின் அங்கீகாரத்தை நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் சரிபார்த்த பிறகே சேர வேண்டும்.

மகாராஷ்டிர மாநில வாரியமும் தன் பங்குக்குச் சில கதவுகளைத் திறந்துள்ளது. பள்ளியை விட்டு விலகியவர்கள் '17ஆம் எண் படிவம்' மூலம் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வெழுதலாம். முன்பு தோல்வியுற்றவர்கள் மறுதேர்வுக்கு அக்டோபர் வரை காத்திருந்தனர்; 2015 முதல் ஜூலை மாதத்திலேயே துணைத்தேர்வு நடத்தப்பட்டதால் ஓராண்டு வீணாவது பெருமளவு தவிர்க்கப்பட்டது. ஒன்றிரண்டு பாடங்களில் தவறியவர்கள் பதினோராம் வகுப்பில் தற்காலிகமாகச் சேர்ந்து அப்பாடங்களை எழுதி முடிக்கும் ஏடிகேடி வசதியும் உண்டு. மதிப்பெண் பட்டியலில் 'தோல்வி' என்ற சொல்லுக்குப் பதிலாகத் 'திறன் மேம்பாட்டுப் பயிற்சிக்குத் தகுதியானவர்' என்று குறிப்பிடும் முறையும் கொண்டுவரப்பட்டது. சொல் மாறியது நல்லதே. அத்தகுதியோடு எந்த வாசலுக்குச் செல்வது என்று சொல்ல ஆளில்லாத ஊர்களில் அது சொல்லாகவே நின்றுவிடுகிறது.

2025ஆம் ஆண்டு மகாராஷ்டிரப் பத்தாம் வகுப்புத் தேர்வில் தேர்ச்சி 94.10 சதவீதம். செய்திகளில் இவ்வெண்ணே தலைப்பாகும். தேர்வெழுதிய சுமார் 15.5 லட்சம் பேரில் எஞ்சியவர்கள் ஏறத்தாழ 91 ஆயிரம் பேர் என்பது தலைப்பாவதில்லை.

பாபல் கிராமத்தின் பாடம்:

ஆர்வம் இழந்த மாணவனை மீட்பது எப்படி என்ற கேள்விக்கு, புனே மாவட்டத்திலேயே 40 ஆண்டுகளுக்கு மேலான ஒரு பதில் இருக்கிறது. புனே நகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், ஷிரூர் வட்டத்தின் வறட்சிப் பகுதியில் உள்ள பாபல் கிராமத்தில் 1983இல் 'விஞ்ஞான் ஆசிரமம்' தொடங்கப்பட்டது. அதை நிறுவிய முனைவர் எஸ்.எஸ். கல்பாக், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உணவுத் தொழில்நுட்பத்தில் முனைவர் பட்டம் பெற்று, இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் பணியாற்றியவர். கல்வியாளர் ஜே.பி. நாயக் நிறுவிய இந்தியக் கல்வி நிறுவனத்தின் ஒரு மையமாக அந்த ஆசிரமம் அமைந்தது.

கல்பாக்கின் வாதம் எளிமையானது. குழந்தை பேசவும் நடக்கவும் கற்பது பாடநூலால் அன்று, செய்து பார்ப்பதால். பள்ளி அந்த இயல்பான முறையைக் கைவிட்டுவிட்டுப் பிறகு குழந்தைக்கு ஆர்வமில்லை என்று குறைகூறுகிறது. எனவே பள்ளியில் தோற்றவர்கள், பாதியில் நின்றவர்கள் ஆகியோரையே அவர் தேடிச் சேர்த்தார். அவர்களுக்கான ஓராண்டு உறைவிடப் படிப்பு 'அடிப்படை ஊரகத் தொழில்நுட்பப் பட்டயம்' என அழைக்கப்படுகிறது; என்ஐஓஎஸ் அங்கீகாரமும் அதற்குக் கிடைத்தது. பொறியியல் பட்டறை, ஆற்றலும் சுற்றுச்சூழலும், வேளாண்மையும் கால்நடையும், வீடும் உடல்நலமும் ஆகிய நான்கு துறைகளிலும் ஒவ்வொரு மாணவரும் பயில வேண்டும்.

ஒரே தொழிலில் தேர்ச்சி பெறுவது இப்படிப்பின் நோக்கமன்று. வெல்டிங் செய்யத் தொடங்கும் மாணவனுக்கு இரும்புக் குழாயை அளக்க வேண்டிய தேவை எழுகிறது. அளக்கும்போது பின்னம் தேவைப்படுகிறது. செலவுக் கணக்குப் போடும்போது சதவீதம் தேவைப்படுகிறது. மூன்று ஆண்டுகள் வகுப்பறையில் புரியாத கணக்கு, தான் செய்யும் கதவுச் சட்டம் கோணலாகாமல் இருக்க வேண்டும் என்ற தேவையால் புரியத் தொடங்குகிறது. செய்யும் பொருள் கண்காட்சிக்கானதும் அன்று. ஊராருக்குப் பயன்பட வேண்டும், அதற்கு ஊரார் விலை கொடுக்க வேண்டும். மேலே சொன்ன மூன்று தேவைகளில் 'தன்னால் முடியும்' என்பதை இதைவிட நேராகத் தருவது கடினம்.

இவ்வணுகுமுறையை வழக்கமான பள்ளிகளுக்கும் கொண்டுசெல்ல 'அடிப்படைத் தொழில்நுட்ப அறிமுகம்' என்ற பாடம் உருவாக்கப்பட்டு, மாநில வாரியத்தால் ஏற்கப்பட்டது. எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் வாரத்தில் ஒரு நாள் நான்கு துறைகளிலும் கைவேலை செய்வர். கற்பிப்பவர்கள் பட்டம் பெற்ற ஆசிரியர்களாக இருக்க வேண்டியதில்லை. உள்ளூர் மின்பணியாளரும் விவசாயியும் தையல் தெரிந்த பெண்ணும் பயிற்றுநர் ஆகலாம். இதனால் பள்ளிக்குள் இன்னொரு மாற்றமும் நிகழ்கிறது. தேர்வில் 20 மதிப்பெண் பெறும் மாணவன், பட்டறையில் அனைவரையும் முந்துவதை அவனுடைய கணித ஆசிரியரே நேரில் காண்கிறார். அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனம் தன் வளாகத்துக்கு வெளியே அமைத்த தொடக்ககால 'ஃபேப் லேப்' எனும் வடிவமைப்புக் கூடங்களுள் ஒன்று, 2002இல் இந்தக் கிராமத்தில்தான் அமைந்தது. கல்பாக் 2003இல் காலமான பின்னரும் ஆசிரமத்தின் பணி தொடர்கிறது.

பாபல் முறைக்கும் வரம்புகள் உண்டு. பட்டறைக்கு இடம், கருவி, மூலப்பொருள் ஆகியவற்றுக்குத் தொடர் செலவு தேவை. தொழிற்கல்வி என்றாலே 'படிப்பு வராதவர்களுக்கு' என்ற பெற்றோரின் எண்ணமும் எளிதில் மாறுவதில்லை. 14 முதல் 18 வயதினரில் தொழிற்பயிற்சி பெறுவோர் 5.6 சதவீதமே என்று ஏசர் 2023 காட்டியது.

தனி ஒருவரால் ஆகாத பணி:

நெகிழ்வான பாதை இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதே அனுபவம். பதினான்கு வயதுப் பிள்ளையின் கையில் திறந்தநிலைப் பள்ளியின் புத்தகக் கட்டைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால், அது பெரும்பாலும் கட்டு பிரிக்கப்படாமலே இருக்கும். வகுப்பறையில் ஊக்கம் இழந்தவருக்குத் தனிமையில் ஊக்கம் பிறப்பதில்லை. அதேவேளை, ஆலோசகரும் சமூகப் பணியாளரும் சேர்ந்து மாணவனைத் தேற்றி, பழைய இருக்கைக்கே திருப்பி அனுப்பினால் சில வாரங்களில் அவன் மீண்டும் விலகிவிடுவான். இரண்டும் ஒன்றாக நிகழ வேண்டும்.

பின்லாந்தில் இதற்குச் சட்டமே உண்டு. 2014 ஆகஸ்ட்டில் நடைமுறைக்கு வந்த மாணவர் நலச் சட்டத்தின்படி, பள்ளிச் செவிலியர், உளவியலாளர், சமூகப் பணியாளர், ஆசிரியர் ஆகியோர் ஒரு மாணவருக்காகக் குழுவாகக் கூடுகின்றனர். மாணவர் அல்லது பெற்றோரின் ஒப்புதலின்றி அக்குழு கூட இயலாது என்பது அதன் சிறப்பு. அந்நாடு 2021 முதல் கட்டாயக் கல்வி வயதை 18ஆக உயர்த்தியது. அயர்லாந்து 1990 முதலே சில ஆசிரியர்களை வகுப்பெடுப்பதிலிருந்து விடுவித்து, மாணவர்களின் வீடுகளுக்குச் சென்று வரும் முழுநேரப் பணியில் அமர்த்தியுள்ளது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகம் உருவாக்கிய 'செக் அண்ட் கனெக்ட்' திட்டத்தில், ஒரே வழிகாட்டி குறைந்தது இரண்டு ஆண்டுகள் ஒரு மாணவருடன் தொடர்வார்.

மகாராஷ்டிராவில் அத்தகைய முழுமையான அமைப்பு இல்லை. ஆனால் அதன் துண்டுகள் இருக்கின்றன. பள்ளி செல்லாக் குழந்தைகளைத் தேடிச் சென்று சேர்க்கும் 'பால்ரக்ஷக்' ஆசிரியர்கள் உள்ளனர். இடம்பெயரும் குடும்பத்துப் பிள்ளை எந்த ஊர்ப் பள்ளியிலும் தொடர உதவும் கல்வி உறுதி அட்டை உள்ளது. தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் 18 வயது வரையிலான மாணவர்களைப் பரிசோதிக்கின்றன. பத்தாம் வகுப்பு மாணவர்களின் விருப்பத் துறையை அறிய 'கல் சாச்சணி' எனும் நாட்டச் சோதனை 2016இல் தொடங்கப்பட்டது. சமூகப் பணிப் பேராசிரியர் ரஜனி பராஞ்சபே 1988இல் மும்பையில் தொடங்கிப் பின்னர் புனேவுக்கு விரிந்த 'டோர் ஸ்டெப் ஸ்கூல்' அமைப்பு, கட்டுமானத் தளங்களிலேயே சிறு வயதினருக்கான கற்றல் மையங்களை நடத்துகிறது.

இத்துண்டுகள் ஒன்றையொன்று அறியாமல் இயங்குவதே குறை. மருத்துவக் குழு கண்டறிந்த பார்வைக் குறைபாடு வகுப்பாசிரியரின் காதுக்கு எட்டுவதில்லை. வீட்டின் கடன் சுமையை அறிந்த சமூகப் பணியாளர் தேர்வு விதிகளை அறிவதில்லை. பள்ளி அளவில் இதைச் சரிசெய்யப் பெருஞ்செலவு தேவையில்லை. தொடர்ச்சியாகச் சில நாள் வராத மாணவனின் பெயர் ஒருவர் கையில் சேர வேண்டும். தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், ஆலோசகர், பெற்றோர் ஆகியோருடன் மாணவனும் அதே மேசையில் அமர வேண்டும். அடுத்த ஆறு வாரங்களுக்கு யார் எதைச் செய்வது என்று ஒரு பக்கத்தில் எழுதப்பட வேண்டும். யாரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதும் அதில் அடங்கும். மாணவன் ஆலோசகரிடம் நம்பிப் பகிர்ந்தது மறுநாள் ஆசிரியர் அறையில் பேச்சானால் அக்குழுவின் வேலை அன்றே முடிந்துவிடும். குழந்தைக்குத் தீங்கு நேர்கிறது என்ற ஐயம் எழுந்தால் மட்டும் அந்த இரகசியத்துக்கு விலக்கு உண்டு. அது பாலியல் குற்றமெனில், போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது கடமை.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பள்ளிகளுடன் இணைந்த ஆலோசகர்களும் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்களும் மாணவர்களைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று கூறுகிறது. 2030க்குள் பள்ளிக் கல்வியில் 100 சதவீதச் சேர்க்கை என்பது அதன் இலக்கு. அதற்கான பணியிடங்களை உருவாக்குவது மாநிலங்களின் நிதியைச் சார்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டமும், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் உயர்கல்வியில் சேராதவர்களைத் தேடிச் செல்லும் 'உயர்வுக்குப் படி' முகாம்களும் இத்திசையில் எடுக்கப்பட்ட முயற்சிகள். ஆயினும் ஒன்பதாம் வகுப்பில் விலகுபவர் இவ்விரண்டின் கைக்கும் எட்டாதவராகவே இருக்கிறார்.

பெற்றோர் உடனடியாகச் செய்யக் கூடியவை:

பள்ளிக்குச் செல்ல மறுக்கும் பிள்ளையை முதலில் கண், செவி, இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வது நல்லது. எழுத்துப்பிழைகள் நீங்காமல் நீடித்தால் கற்றல் குறைபாட்டு மதிப்பீட்டை அரசு மருத்துவமனையில் கேட்கலாம். வாரியத்தை மாற்ற முடிவெடுக்கும் முன் பள்ளி மாற்றுச் சான்று, முந்தைய மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்று, ஆதார் ஆகியவற்றைத் திரட்டி வைக்க வேண்டும்; ஏற்கெனவே தேர்ச்சி பெற்ற பாடங்களை என்ஐஓஎஸுக்கு மாற்ற மதிப்பெண் பட்டியல் இன்றியமையாதது. மனச்சோர்வு, தூக்கமின்மை, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பேச்சு ஆகியவை தென்பட்டால் தாமதிக்கக் கூடாது. டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகிய இரண்டும் கட்டணமின்றி நாள் முழுவதும் இயங்குகின்றன. டெலி-மானஸில் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் பேச முடியும்.